கடன் அட்டையில் அந்த நாலாவது கட்டம் வேண்டாம்

கேள்வி: பூ விற்பது, இட்லிக்கடை நடத்துவது என்று பிழைக்கும் பெண்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் தர விரும்புகிறேன். கம்பெனிச் சட்டத்தின் பிரிவு 8-இல் லாபநோக்கற்ற கம்பெனி பதிந்தால் ரிசர்வ் வங்கிப் பதிவு தேவையில்லை, பெண்களிடம் வாராவாரம் சேமிப்பும் வாங்கலாம் என்கிறார் ஒரு ஏஜென்ட். நம்பலாமா?

பதில்: முதல் பாதி கிட்டத்தட்ட சரி. இரண்டாம் பாதியை நம்பினால் ஜெயில்.

2022 ஏப்ரலில் அமலுக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, பிரிவு 8 கம்பெனியின் சொத்து 100 கோடிக்குக் கீழ் இருந்து, ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்கு மிகாத குடும்பங்களுக்கு அடமானம் இல்லாமல் கடன் தந்தால், பதிவிலிருந்து விலக்கு உண்டு. எல்லாக் கடன்களின் மாதத் தவணையும் சேர்ந்து குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. மல்லிகைக்குக் காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை. அதில் மாத வருமானத்தைக் கணக்கிட்டு எழுது என்கிறார்கள். விதி எழுதியவரை ஒருநாள் பூக்கடையில் உட்கார வைக்க வேண்டும்.

சரி, ஏஜென்ட் விஷயத்துக்கு வருகிறேன். இவர்கள் தரும் பேக்கேஜில் பதிவுச் சான்றிதழோடு அச்சடித்த கடன் அட்டையும் இருக்கும். என்னிடம் கணக்குப் பார்க்க வந்த ஓர் அட்டையில் தேதி, தவணை, பாக்கி, நாலாவதாக 'சேமிப்பு ரூ.50'. வில்லங்கமே அந்தக் கட்டம்தான். 2019-இன் முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்கள் தடைச் சட்டத்தில், இப்படிச் சேமிப்பு என்ற பெயரில் டெபாசிட் வாங்குவதற்கு 2 முதல் 7 ஆண்டு வரை சிறை, 3 லட்சம் முதல் 10 லட்சம் வரை அபராதம். ஏஜென்ட் தன் ஃபீஸை வாங்கிக்கொண்டு போயிருப்பார். அட்டையில் கையெழுத்து உங்களுடையது.

மகளிர் சுயஉதவிக் குழு மட்டும் வேறு. பெண்களே குழுவாகச் சேர்ந்து, அரசு வைக்கும் வரம்புக்குள் சந்தா போட்டுத் தங்களுக்குள் சுழற்றினால் அது டெபாசிட் ஆகாது. ஆனால் பணம் குழுவின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில்தான் விழ வேண்டும். உங்கள் கம்பெனிக் கணக்கு வழியாக ஒருநாள்கூடப் போகக் கூடாது. "பத்திரமா நீங்களே வெச்சிருங்கக்கா" என்று கையில் திணித்தாலும் வாங்காதீர்கள். பாஸ்புக் குழுவை நடத்தும் ஊக்குநரிடமோ பிரதிநிதியிடமோ இருக்கட்டும், உங்கள் பீரோவில் வேண்டாம்.

கடன் கொடுக்க மூலதனம் எங்கிருந்து? சொந்தப் பணம், நன்கொடை, வங்கிக் கடன். வரும் லாபத்தில் பங்கு எடுக்க முடியாது என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

'சேமிப்பு வாங்கலாம்' என்பதை லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும்படி ஏஜென்டிடம் கேளுங்கள். அப்புறம் அவர் உங்கள் போனை எடுக்கிறாரா பாருங்கள்.