28 அடி ஃபைபர் படகுக்கு 25 குதிரைத்திறன் தேவையா?

பட்டினப்பாக்கத்திலிருந்து எழுதியிருக்கும் வாசகரின் கேள்வி சுருக்கமாக இதுதான். அப்பாவின் பழைய ஃபைபர் படகை விற்றுவிட்டு 28 அடியில் புதுப் படகு வாங்கப் போகிறார். மூன்று பேர் தொழிலுக்குப் போவார்கள். நண்டு வலையும் சங்கரா வலையும் பெரும்பாலும் 6 கடல் மைலுக்குள், வஞ்சிரம் காலத்தில் 8 வரை. விற்பனையாளர் 25 குதிரைத்திறன் பெட்ரோல் அவுட்போர்டு (படகின் பின்பலகையில் வெளியே மாட்டும் மோட்டார்) வாங்கச் சொல்கிறார்; அப்பா லாங் டெயில் டீசலே (நீண்ட தண்டின் முனையில் புரொப்பெல்லர் சுழலும் எஞ்சின்) போதும் என்கிறார். எதை வாங்குவது என்றும், புதுப் படகில் எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார்.

அப்பா சொல்வது சரி என்பதே என் கருத்து. 10 குதிரைத்திறனுக்கு மிகாத லாங் டெயில் டீசல் இந்தத் தொழிலுக்குப் போதும். அவுட்போர்டுதான் வேண்டுமென்றால் 9.9 குதிரைத்திறனோடு நிறுத்திக்கொள்ளலாம். 25 வாங்கினால் கூடுதலாகச் செலவாகும் பணத்துக்கு ஏற்ற வேகம் கிடைக்காது. அதற்கான கணக்கை முதலில் பார்த்துவிடுவோம்.

தண்ணீரைப் பிளந்துகொண்டு போகும் எந்தப் படகுக்கும் அதன் நீளமே ஒரு வேக வரம்பை விதிக்கிறது. நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் அந்த வரம்பு நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் கிடைக்கும். 28 அடிப் படகு நீர்மட்டத்தில் ஏறத்தாழ 25 அடி இருக்கும் என்று கொண்டால் அது 6.7 நாட், அதாவது மணிக்குச் சுமார் 12 கிலோமீட்டர். இதைத் தாண்ட வேண்டுமானால் படகு தான் எழுப்பும் அலையின் மேலேயே ஏறி, தண்ணீரின் மேல் வழுக்கி ஓட வேண்டும். அப்படி ஏறுவதற்கு ஒரு குதிரைத்திறனுக்கு 20 முதல் 25 கிலோவுக்கு மேல் எடை இருக்கக்கூடாது என்பது படகு வடிவமைப்பாளர்கள் வழக்கமாகக் கையாளும் தோராயக் கணக்கு. 25 குதிரைத்திறன் மோட்டார் அந்தக் கணக்கில் அதிகபட்சம் 625 கிலோவைத்தான் மேலே ஏற்றும். வெறும் படகு, மூன்று ஆட்கள், வலை, ஐஸ் பெட்டி, எரிபொருள், மோட்டார் எல்லாம் சேர்ந்தால் உங்கள் படகு ஒரு டன்னைத் தொட்டுவிடும். ஆகவே, ஆளும் வலையும் இல்லாமல் ஓட்டிக் காட்டும்போது அணியத்தை, அதாவது முன்பக்கத்தை, தூக்கிக்கொண்டு பறக்கும் படகு, தொழிலுக்குப் போகும் நாளில் பின்பக்கம் அமிழ்ந்து, பெரிய அலையை இழுத்துக்கொண்டு, 10 குதிரைத்திறன் மோட்டாரைவிடச் சிறிதளவே வேகமாகப் போகும். வெள்ளோட்டம் பார்க்கும்போது மூன்று பேரையும் ஏற்றி, வலைக்கு ஈடாக மணல் மூட்டைகளையும் வைத்துப் பாருங்கள். விற்பனையாளரோடு வாதாடத் தேவையிருக்காது.

எரிபொருள் கணக்கும் இதையே சொல்கிறது. முழு வேகத்தில் ஓடினால் 10 குதிரைத்திறன் டீசல் எஞ்சின் மணிக்கு இரண்டு லிட்டருக்குச் சற்று மேல் குடிக்கும். அதே திறனுள்ள நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் மோட்டார் மூன்றரை லிட்டரும், இரண்டு ஸ்ட்ரோக் ஐந்து லிட்டரும் குடிக்கும். 25 குதிரைத்திறன் இரண்டு ஸ்ட்ரோக் மோட்டாரை முழுமையாகத் திருகினால் மணிக்கு 12 லிட்டர் போய்விடும். படகு வழுக்கி ஓடினால் பயண நேரம் பாதியாகி அந்தச் செலவு ஓரளவு ஈடாகும். ஆனால் உங்கள் சுமைக்கு அது வழுக்கி ஓடாது என்பதைத்தான் மேலே பார்த்தோம். 6 கடல் மைல் போக ஒரு மணி நேரம், திரும்ப ஒரு மணி நேரம் என்பது நண்டு வலைக்குப் பெரிய நேரமில்லை. 15 கடல் மைலுக்கு அப்பால் போய் மீனைக் காலை ஏலத்துக்குக் கொண்டுவர வேண்டியவர்களின் கணக்கு வேறு. அவர்கள் அதற்கென எடை குறைத்துக் கட்டிய படகையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

சட்டமும் இதில் ஒரு காரணம். சென்னைக் கரைக்கு ஆமைகள் முட்டையிட வரும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை, அவை முட்டையிடும் கரைகளிலிருந்து 5 கடல் மைல் தொலைவுக்குள், 10 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட மோட்டார் பொருத்திய நாட்டுப்படகுகளும் (உங்கள் ஃபைபர் படகும் இந்தப் பிரிவுதான்) மீன்பிடிக்கக்கூடாது என்று தமிழ்நாட்டு விதி சொல்கிறது. உங்கள் நண்டு வலை போடும் இடம் அநேகமாக அந்த எல்லைக்குள்தான் வரும். ஆண்டில் நான்கு மாதம் அந்தக் கரையோரக் கடலில் வலை போட முடியாத மோட்டாரை விற்பவர் இதைச் சொல்லவில்லை என்பது எனக்கு வியப்பாக இல்லை.

இனி லாங் டெயிலா அவுட்போர்டா என்ற கேள்விக்கு வருவோம். இதை முடிவு செய்வது உங்கள் கரை. காசிமேடு போல அலைதடுப்புச் சுவருக்குள் படகைக் கட்டுபவர் எதை வாங்கினாலும் காலம் தள்ளலாம். பட்டினப்பாக்கம், நொச்சிக்குப்பம், ஊரூர் குப்பம் போன்ற திறந்த கரையில் தினமும் அலை உடையும் இடத்தைக் கடந்து போய், அதன் வழியாகவே மணலில் ஏற வேண்டும். அந்தக் கடைசி ஐம்பது மீட்டரில் தண்ணீரைவிட மணல்தான் அதிகம் கலங்கிக் கிடக்கும். அவுட்போர்டு கடல்நீரை உள்ளே இழுத்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்வதால் அந்த மணலையும் சேர்த்தே இழுக்கிறது. நீரிறைக்கும் இம்பெல்லரின் ரப்பர் இதழ்கள் தேய்ந்து, பக்கவாட்டில் பீய்ச்சும் நீர்த்தாரை மெலிந்து, ஒரு நாள் நடுக்கடலில் எஞ்சின் சூடேறி நின்றுவிடும். காற்றால் குளிரும் லாங் டெயில் டீசலுக்கு இந்தத் தொல்லை இல்லை. கைப்பிடியை அழுத்தினால் நீண்ட தண்டு முழுதும் நீருக்கு மேல் எழுந்துவிடுவதால், அலை பின்னாலிருந்து தள்ளும் நேரத்தில் புரொப்பெல்லர் மணலில் அடிபடுவதும் குறைவு. (சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979இல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தின் பொறியாளர்கள் திறந்த கரைக்கென்று வடிவமைத்த படகுகளில், எஞ்சினையும் தண்டையும் ஒன்றாகச் சாய்த்துத் தூக்கும் அமைப்பை உருவாக்கியதும் இதே சிக்கலுக்காகத்தான்.)

லாங் டெயிலுக்குக் குறைகள் இல்லாமல் இல்லை. எடை அதிகம், சத்தமும் அதிர்வும் ஆண்டுக்கணக்கில் காதையும் தோளையும் கெடுக்கும், சுழலும் தண்டு மறைப்பில்லாமல் நீண்டு கிடப்பதால் வலையோ லுங்கியோ சுற்றிக்கொள்ளும் ஆபத்து எப்போதும் உண்டு. 9.9 அவுட்போர்டு 40 கிலோ அளவில்தான் இருக்கும் என்பதால் மாலையில் இரண்டு பேர் கழற்றி வீட்டுக்குத் தூக்கிப் போய்விடலாம். திருட்டுப் பயம் உள்ள கரையில் இது சின்ன விஷயமல்ல. அவுட்போர்டையே தேர்ந்தெடுத்தால், நாள் முடிவில் நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவுவதையும், இம்பெல்லரை ஆண்டுக்கொரு முறை தேயும் முன்பே மாற்றுவதையும், மோட்டாரின் உலோகத்தை உப்பு அரிக்காமல் காக்கும் துத்தநாகக் கட்டி பாதி கரைந்ததும் மாற்றுவதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. அவுட்போர்டு நிறுவனங்கள் பலவற்றின் கையேடுகள் 10 சதவீதம் வரைதான் ஏற்கின்றன. எத்தனால் ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது என்பதால், கடற்கரை வீட்டில் அரைத் தொட்டியாக இரண்டு வாரம் கிடந்த பெட்ரோலின் அடியில் நீர் பிரிந்து நிற்கலாம். நீங்கள் வாங்கும் மாடல் இந்தப் பெட்ரோலை ஏற்குமா என்பதை விற்பனையாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். தொட்டிக்கும் மோட்டாருக்கும் நடுவில் நீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்றைக் கட்டாயம் போடுங்கள். இரண்டு ஸ்ட்ரோக் மோட்டாருக்கு 50க்கு 1 என்று கையேடு சொன்னால் லிட்டருக்கு 20 மில்லி எண்ணெய். அதுவும் படகு மோட்டாருக்கான எண்ணெயாக இருக்க வேண்டும், பைக் எண்ணெய் ஆகாது.

அவுட்போர்டில் தண்டின் நீளமும் புரொப்பெல்லரும் மோட்டாரைப் போலவே முக்கியம். பின்பலகையின் உயரம் 15 அங்குலமா 20 அங்குலமா என்று அளந்த பிறகே மோட்டாருக்கு முன்பணம் கொடுங்கள். நீளம் குறைந்தால் அலையில் புரொப்பெல்லர் காற்றை வெட்டும். கூடினால் கரையில் தட்டும். பெட்டியோடு வரும் புரொப்பெல்லர் பெரும்பாலும் இலேசான படகுக்கானது. சுமையேற்றிய லாரியை நான்காவது கியரில் கிளப்புவது போல, அது உங்கள் படகில் எஞ்சினைத் திணறடிக்கும். முழுச் சுமையோடு முழு வேகத்தில் ஓட்டி, எஞ்சினின் சுழற்சியை மீட்டரில் பாருங்கள். கையேடு 5,000 முதல் 6,000 வரை என்று சொல்லும் மோட்டார் 4,600இல் நின்றால், பிட்ச் (ஒரு சுற்றில் புரொப்பெல்லர் முன்னேற வேண்டிய தூரம்) இரண்டு மூன்று அங்குலம் குறைந்த புரொப்பெல்லர் தேவை. ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 200 சுழற்சி கூடும்.

படகின் உடலுக்கு இவ்வளவு பேச்சு தேவையில்லை, ஆனால் கண்ணும் கையும் தேவை. வார்க்கும் தளத்துக்கு நேரில் போங்கள். முடிந்தால் மழைக்காலத்தில் வார்த்த படகைத் தவிர்த்துவிடுங்கள், ஈரக் காற்றில் ஃபைபரை இறுக்கிப் பிடிக்கும் ரெசின் சரியாக இறுகாது. அச்சிலிருந்து எடுத்துப் பல நாளாகியும் உள்ளே மூக்கைத் துளைக்கும் நெடி வீசினால் இறுக்கம் போதவில்லை என்று பொருள். அசிட்டோன் நனைத்த பஞ்சால் உள்பக்கத்தைத் துடைத்து, அந்த இடம் பிசுபிசுக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்கலாம். ஐந்து ரூபாய் நாணயத்தால் அடிப்பகுதி முழுவதும் கைச்சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற ஓசை திடீரென்று மொத்தென்று மாறும் இடத்தில் அடுக்குகள் ஒட்டாமல் காற்று நிற்கிறது. பெயின்ட் அடிக்கும் முன் உள்ளே டார்ச் அடித்து வெளியிலிருந்து பார்த்தால், ஃபைபர் மெலிந்த இடம் வெளிச்சமாகவே தெரிந்துவிடும். ரெசினைச் சேமிக்கச் சுண்ணாம்புத் தூளை அளவுக்கு மீறிக் கலப்பவர்களும் உண்டு. அந்தப் படகு புதிதில் விறைப்பாக இருந்து, மணலில் நாலு முறை இழுபட்டதும் விரிசல் விடும். மணலில் இழுக்கும் படகு என்பதால் அடிக்கட்டையின் மேல் தனியாகத் தேய்மானப் பட்டை ஒன்று வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பின்பலகைக்குள் இருப்பது பெரும்பாலும் ப்ளைவுட். அதில் போல்ட்டுக்காகத் துளைக்கும் ஒவ்வொரு துளையையும் ரெசின் பூசி மூடாவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்கி, வெளியே ஒன்றும் தெரியாமலேயே மரம் ஊறி மக்கிவிடும். பழைய படகு வாங்குபவர் மோட்டாரை மாட்டி, அதன் தலையைப் பிடித்துப் பலமாக ஆட்டி, பலகையும் பக்கச் சுவரும் சேரும் மூலையில் மயிரிழை விரிசல் திறந்து மூடுகிறதா என்று பார்த்தால் போதும்.

மிதவைத் தன்மையை விற்பவரின் வாய்ச்சொல்லாக ஏற்க வேண்டாம். இடுப்பளவு அமைதியான தண்ணீரில் படகை வாளி வாளியாக நிரப்பி, மோட்டாரின் எடைக்கு ஈடாக மணல் மூட்டை கட்டி, மூன்று பேர் விளிம்பைப் பிடித்துத் தொங்குங்கள். படகு சமமாக மிதக்க வேண்டும். அணியம் மட்டும் செங்குத்தாக நின்றால் பின்பக்க அறைகளில் ஃபோம் போதவில்லை. முழுத் தொகையையும் இந்தச் சோதனைக்குப் பிறகே கொடுங்கள்.

மோட்டாரில் மிச்சமாகும் பணத்தில் செய்ய வேண்டியவை சில உண்டு. மூன்று பேருக்கும் அணிந்தபடியே வேலை செய்யக்கூடிய லைஃப் ஜாக்கெட், ஒரு வி.ஹெச்.எஃப். வாக்கிடாக்கி, மோட்டார் ஓட்டுபவரின் மணிக்கட்டில் கட்டும் நிறுத்தக் கயிறு ஆகியவற்றை முதலில் வாங்குங்கள்; அவர் தவறி விழுந்தால் அந்தக் கயிறு எஞ்சினை நிறுத்திவிடும், இல்லையேல் படகு வட்டமடித்து அவர் மேலேயே வரும். சென்னை, காமராஜர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்கள் வெளியே காத்து நிற்கும் கடல் உங்களுடையது. ஃபைபர் படகு ரேடாரில் சரியாகத் தெரியாது. எனவே ரேடார் பிரதிபலிப்பான் ஒன்றும், சுற்றிலும் தெரியும் வெள்ளை விளக்கும் தேவை. கடலோரக் காவல்படையின் 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய எண்கள் மூவர் கைப்பேசியிலும் இருக்கட்டும். எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு திரும்ப, ஒரு பங்கு தொடாமல் வைக்க.

வாங்கும் வரிசையிலும் கவனம் வேண்டும். மோட்டாருக்கு அரசு மானியம் பெறும் எண்ணம் இருந்தால், மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் மனு கொடுத்து அனுமதி கைக்கு வந்த பிறகே வாங்குங்கள். வாங்கிவிட்டு ரசீதை நீட்டினால் பெரும்பாலும் பலனிருக்காது. படகு கட்டும் தளம் துறையில் பதிவு பெற்றதா என்று கேட்டு, அதன் பெயரிலேயே ரசீது வாங்குங்கள். மோட்டார் பொருத்திய நாட்டுப்படகு என்ற பிரிவில் படகைப் பதிவு செய்யும்போது எஞ்சின் எண்ணும் குதிரைத்திறனும் ரசீதில் உள்ளபடியே பதிவாகின்றனவா என்று அங்கேயே சரிபார்த்துவிடுங்கள். பழைய படகை விற்கும்போது பதிவை வாங்குபவர் பெயருக்கு மாற்றாமல் சாவியையும் மோட்டாரையும் ஒப்படைக்க வேண்டாம். அந்தப் படகு நாளை எதில் சிக்கினாலும் தேடி வருவது உங்கள் அப்பாவின் வீட்டுக்குத்தான்.