எருமை வேட்டைக்கு முதல் பெரிய ரைஃபிள்: .375 ஆ, .458 ஆ?

வணக்கம். .30-06 என்னும் நடுத்தர ரைஃபிள் மட்டுமே சுட்டுப் பழகிய நீங்கள், ஆப்பிரிக்கக் காட்டெருமை வேட்டைக்கு .375 எச் அண்ட் எச் வாங்குவதா, .458 வின்செஸ்டர் மேக்னம் வாங்குவதா (இவ்வெண்கள் அங்குலத்தில் குண்டின் விட்டம்) என்று கேட்டிருக்கிறீர்கள்; தயங்காமல் முன்னதையே வாங்குங்கள். 1912-இல் வந்த அந்தத் தோட்டா 300 கிரெயின் (சுமார் 19 கிராம்) எடையுள்ள குண்டை நொடிக்குச் சுமார் 2,500 அடி வேகத்தில் செலுத்துவதால், 200 கஜத்தில் நிற்கும் மானையும் அதைக் கொண்டே வேட்டையாடலாம். .458-இன் 500 கிரெயின் குண்டு நெருங்கி நின்று சுடுவதற்கே உரியது. சுடும்போது தோளில் இடிக்கும் அதன் உதையோ, பழகாதவரை விசையை அழுத்தும் முன்பே கண்ணை மூட வைத்துவிடும். (குறி தவறிக் காயம்பட்ட எருமை ஓடி ஒளிந்து, தேடிவருபவர் மீதே பாயும்.) எடை குறைந்த துப்பாக்கியைத் தேடாதீர்கள், ஸ்கோப்புடன் (குறிபார்க்கும் தொலைநோக்கியுடன்) நான்கரைக் கிலோ இருந்தால் உதை தணியும். ஸ்கோப்பின் பின்விளிம்பு கண்ணிலிருந்து 9 செ.மீ. விலகியிருக்கட்டும், இல்லையேல் புருவம் கிழியும். பல நாடுகளில் எருமைக்குச் சட்டப்படியான குறைந்தபட்ச அளவே .375 தான், ஆயினும் செல்லும் நாட்டின் விதியை வேட்டை வழிகாட்டியிடம் முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.