வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டுவிட்டு நர்ஸ் என்னதான் செய்கிறார்?

கேள்வி: ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தபோது நர்ஸ் வந்து "வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்டார். எட்டு என்றேன். குறித்துக்கொண்டு போய்விட்டார். நான் சொன்னதை நம்பினாரா என்றே தெரியவில்லை. உண்மையில் நர்ஸ்கள் நோயாளியின் வலியை எப்படி மதிப்பிடுகிறார்கள்?

சர்ஜரி வார்டில் ஒன்பது வருடம், அப்புறம் ஐசியூவில் ஏழு வருடம் வேலை பார்த்தவள் நான். உங்கள் கேள்வியில் "நம்பினாரா என்றே தெரியவில்லை" என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி நம்பாமல் போன நர்ஸ் நானேதான்.

முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்ட ஓர் இளைஞர். எனக்கு நைட் டியூட்டி. வலிக்கு ஊசி போட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, மறுபடி பெல். "ஒன்பது சிஸ்டர், தாங்க முடியலை" என்றார். ஆனால் கொஞ்ச நேரம் முன்புதான் அவர் போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்திருந்தேன். பல்ஸ், பிபி எல்லாம் சரியாக இருந்தன. "இப்பதானே ஊசி போட்டது, கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிட்டு வந்து, கேஸ் ஷீட்டில் "வலி இருப்பதாகச் சொல்கிறார், பார்க்க நன்றாக இருக்கிறார்" என்று எழுதினேன். மூன்றாவது பெல்லுக்கு சீனியர் சிஸ்டர் போனார். வலி எத்தனை என்று அவர் கேட்கவே இல்லை. கட்டுக்கு வெளியே தெரிந்த கால் பெருவிரலைப் பிடித்து மெதுவாக வளைத்தார். பையன் போட்ட அலறலில் வார்டே விழித்துக்கொண்டது. டாக்டர் ஓடிவந்து கட்டைப் பிளந்தார். விடிவதற்குள் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள்.

காலின் தசைகள் எளிதில் விரிந்துகொடுக்காத உறைகளுக்குள் இருக்கின்றன. உள்ளே வீக்கம் ஏறினால் அழுத்தம் கூடி, ரத்த ஓட்டம் தடைபட்டு, சில மணி நேரத்தில் தசை சாகத் தொடங்கும். கம்பார்ட்மென்ட் சின்ட்ரோம் என்பார்கள். அதற்கு முதலில் வரும் அடையாளமே காயத்துக்குப் பொருந்தாத, மருந்துக்கு அடங்காத வலிதான். பாதத்தில் நாடி வெகுநேரம் வரை நன்றாகவே துடிக்கும். நான் தொந்தரவு என்று நினைத்த அந்த மூன்று பெல்தான் அவர் காலைக் காப்பாற்றியது. சிரிப்பு? வீட்டில் இருப்பவர்கள் பயப்படக்கூடாதே என்று சிரித்ததாக அவரே பிறகு சொன்னார்.

மார்கோ மெக்காஃபரி என்ற அமெரிக்க நர்ஸ் 1968-இல் வலிக்கு ஒரு விளக்கம் எழுதினார். அனுபவிப்பவர் எதைச் சொல்கிறாரோ அதுவே வலி, அவர் எப்போது இருக்கிறது என்கிறாரோ அப்போது இருக்கிறது என்பது அதன் சாரம். நர்ஸிங் படித்த எல்லோரும் இதைப் பரீட்சைக்கு எழுதியிருப்போம். நானும் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். வார்டில் அது உடம்போடு ஒட்டுவதற்கு அந்த ராத்திரி தேவைப்பட்டது. நோயாளி சொல்லும் எண்ணைவிட மருத்துவப் பணியாளர்கள் போடும் எண் குறைவாகவே இருக்கிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. தினமும் வலியைப் பார்க்கிறவர்களுக்குக் கண் மரத்துப்போகிறது.

சரி, அந்தப் பத்து எதற்கு? சுழியம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் உங்களால் நினைத்துப் பார்க்க முடிந்த மிக மோசமான வலி. உங்கள் எட்டையும் பக்கத்துக் கட்டிலின் எட்டையும் நாங்கள் ஒப்பிடுவதில்லை, ஒப்பிடவும் முடியாது. காலையில் நீங்கள் சொன்ன எட்டு, மருந்துக்குப் பிறகு ஐந்தானதா, எட்டிலேயே நிற்கிறதா, இரண்டாக இருந்தது திடீரென்று ஏழானதா என்பதுதான் எங்களுக்குச் செய்தி. மூன்றாவது நாள் குறைய வேண்டிய வலி ஏறினால் தையல் பிரிகிறதா, சீழ் பிடிக்கிறதா, உள்ளே ரத்தம் கசிகிறதா என்று தேட ஆரம்பிப்போம்.

இன்னொன்று, படுத்திருக்கும்போது கேட்கும் எண் பாதிக் கதைதான். வயிற்றில் ஆபரேஷன் செய்தவர் அசையாமல் படுத்துக்கொண்டு "மூணுதான் சிஸ்டர்" என்பார். "ஒரு தடவை இருமுங்க" என்றால் முகம் சுருங்கிவிடும், அதில் எட்டு. அவர் இரும மாட்டார், மூச்சை ஆழமாக இழுக்க மாட்டார், எழுந்து நடக்க மாட்டார். சளி தங்கி நிமோனியா வரும், காலில் ரத்தம் உறையும். அதனால் எண்ணைச் சுழியத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்ற குறி எங்களுக்குக் கிடையாது. இருமவும் புரளவும் நாலு அடி நடக்கவும் முடிகிற அளவுக்கு வலி இறங்கினால் போதும்.

எனக்கு எண்ணைவிட சொல் பிடிக்கும். நம் மொழியில் வலிக்கு இத்தனை சொற்கள் இருப்பதன் அருமை வார்டில்தான் தெரியும். "விண் விண்ணுனு தெறிக்குது" என்று ஒருவர் காயத்தைக் காட்டினால் டிரெஸ்ஸிங்கைப் பிரித்துப் பார்க்கத் தோன்றும், உள்ளே வீங்கிச் சீழ் கட்டியிருக்கலாம். "பிசையுது, முறுக்கி முறுக்கி விடுது" என்றால் குடல், பித்தப்பை, சிறுநீர்க் குழாய் மாதிரி குழாயாகவோ பையாகவோ இருக்கும் உறுப்புகள் நினைவுக்கு வரும். "எரியுது, ஷாக் அடிக்கிற மாதிரி சுளீர்னு இழுக்குது, துணி பட்டாலே கூசுது" என்பது நரம்பு வலியின் பேச்சு. வழக்கமான வலி மாத்திரை அதற்குப் பெரிதாகக் கேட்காது. வலிப்புக்கும் மனச்சோர்வுக்கும் தரும் சில மருந்துகள்தான் கேட்கும். "எனக்கு எதுக்கு வலிப்பு மாத்திரை?" என்று அதைச் சாப்பிடாமல் தலையணைக்கடியில் ஒளித்துவைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். "நெஞ்சுல பாறாங்கல்லை வச்ச மாதிரி இருக்கு" என்று யாராவது சொன்னால் எண்ணெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டோம், உடனே ஈசிஜி.

சொல்லத் தெரியாதவர்கள், சொல்ல முடியாதவர்கள்தான் கடினம். மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு வாங்–பேக்கர் முகங்கள் என்று ஒரு படம் உண்டு. சிரிப்பில் தொடங்கி அழுகையில் முடியும் ஆறு முகங்கள், 1980-களில் வந்தது. குழந்தை தனக்குள்ள வலியைக் காட்டாமல் தனக்குப் பிடித்த முகத்தைக் காட்டிவிடும், அதைக் கவனிக்க வேண்டும். அதைவிடச் சின்னக் குழந்தைகளுக்கு முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறதா என்ற ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரை போட்டுப் பத்துக்குக் கூட்டுவோம். பச்சிளம் குழந்தைக்கு வலி சரியாகத் தெரியாது என்று நம்பி, 1980-கள் வரை போதிய மயக்க மருந்தில்லாமல்கூட ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். இன்று ஒரு ஊசிக்கே தாயைப் பாலூட்டச் சொல்லிவிட்டு, குழந்தை குடித்துக்கொண்டிருக்கும்போது போடுகிறோம். அழுகை நன்றாகவே குறைகிறது.

ஐசியூவில் வென்டிலேட்டர் குழாய் தொண்டைக்குள் இருப்பவர் எதைச் சொல்வார்? புருவம் நெரிகிறதா, கை குழாயை நோக்கிப் போகிறதா, கையை மடக்கினால் தசை விறைக்கிறதா, மெஷினோடு மல்லுக்கட்டுகிறாரா என்று நான்கைப் பார்த்து எட்டுக்குப் போடும் ஒரு அளவு இருக்கிறது. மூன்று வந்தாலே வலி இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வோம். இதில் வரும் ஆறு, வாயால் சொல்லும் ஆறு அல்ல. வலி இருக்கும்போல என்பதை மட்டும் அது சொல்லும். பிபி ஏறினால் வலி, ஏறாவிட்டால் வலி இல்லை என்ற கணக்கும் உதவாது. நாள்பட்ட வலியில் பிபி, பல்ஸ் எல்லாம் அமைதியாகவே இருக்கும்.

மறதி நோய் உள்ள ஒரு பாட்டி ராத்திரி முழுக்க எழுந்து எழுந்து உட்கார்ந்து, கிட்டே போனவர்களை அடித்துக்கொண்டிருந்தார். தூங்க வைக்க ஊசி போடலாம் என்று பேச்சு வந்தது. அதற்குள் கூட வேலை பார்த்த பெண் ஒருத்தி அவர் அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்தாள், கல் மாதிரி இருந்தது. சிறுநீர் அடைத்திருந்தது. டியூப் போட்டதும் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போனார்.

இதனால்தான் ஒருவர் வலி என்றதும் மருந்து அலமாரிக்கு ஓடுவதற்கு முன் போர்வையை விலக்கிப் பார்ப்போம். டியூப் மடங்கியிருக்கும், கட்டு இறுகியிருக்கும், டிரிப்ஸ் போகும் கை வீங்கியிருக்கும். வயிற்றில் தையல் இருப்பவர் இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்தாலே வலி கணிசமாகக் குறையும். மருந்து என்று வரும்போது, வலி உச்சத்துக்குப் போனபின் கொடுப்பதைவிட நேரம் வைத்துக் கொடுப்பது நல்லது. சாதாரண பாராசிட்டமால்கூட ஒழுங்காக மணிக்கணக்கில் போய்க்கொண்டிருந்தால், கடும் வலிக்குத் தரும் மார்ஃபினின் தேவை குறைகிறது.

"எட்டு" என்று சொல்லியும் சில சமயம் நாங்கள் உடனே ஊசி போடாததற்குக் காரணம் எப்போதும் அலட்சியம் இல்லை. மார்ஃபின் வகை மருந்துகளில் மூச்சு குறைவதற்கு முன்னால் பெரும்பாலும் மயக்கம் கூடும். பேச்சுக்கு நடுவே கண் செருகுகிறதா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கண் செருகும் ஒருவர் எட்டு என்றால் அவருக்கு வலி இருப்பதும் உண்மை, இன்னொரு டோஸ் ஆபத்து என்பதும் உண்மை. அங்கே வேறு வகை மருந்து, மரத்துப்போகச் செய்யும் ஊசி என்று டாக்டரோடு பேச வேண்டியிருக்கும். நோயாளியே பொத்தானை அழுத்தி மருந்து எடுத்துக்கொள்ளும் பம்ப் உண்டு. ஒரு டோஸ் போனால் சில நிமிடம் எத்தனை தடவை அழுத்தினாலும் போகாது. தூக்கம் வந்தால் கை அழுத்தாது என்பதுதான் அதன் பெரிய பாதுகாப்பு. தூங்குகிறவருக்குப் பாசத்தில் பக்கத்தில் இருப்பவர் அழுத்திவிட்டால் அந்தப் பாதுகாப்பு போச்சு. இதைச் சொல்லி நான் எத்தனை பேரிடம் கோபித்துக்கொண்டிருக்கிறேன் என்று கணக்கே இல்லை.

எண்ணை மட்டும் துரத்தினாலும் வம்புதான். 1990-களில் அமெரிக்காவில் காய்ச்சல், பல்ஸ், மூச்சு, பிபிக்கு அடுத்து வலியை ஐந்தாவது அடையாளமாக எல்லா நோயாளியிடமும் கேட்கச் சொன்னார்கள். நோக்கம் நல்லதுதான். எண்ணைக் குறைப்பதே குறியாகி மார்ஃபின் வகை மருந்துகள் அளவுக்கு மீறிப் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்ற விமர்சனம் எழுந்து, 2016-இல் அமெரிக்க மருத்துவச் சங்கமே அந்தக் கொள்கையை விடச் சொன்னது. ஆனால் அந்தப் பயத்தை அப்படியே இங்கே எடுத்துக்கொண்டு, ஆபரேஷன் ஆன மூன்றாம் நாள் வலிக்கு மருந்து கேட்பவரை "அடிமையாகிவிடுவீர்கள்" என்று மிரட்டுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. புற்றுநோய் வார்டில் அது கொடுமை.

அப்புறம், ஒரு நர்ஸ் வலியை நன்றாகப் பார்க்கிறாரா என்று என்னைக் கேட்டால், அவர் எப்படிக் கேட்டார் என்று பார்க்க மாட்டேன், திரும்பி வந்தாரா என்று பார்ப்பேன். நரம்பில் போடும் ஊசி என்றால் கால் மணியிலிருந்து அரை மணிக்குள், மாத்திரை என்றால் ஒரு மணி நேரத்தில், வந்து மறுபடி கேட்டு எழுத வேண்டும். உங்களிடம் வந்தவர் குறித்துக்கொண்டு போனதில் தவறில்லை. திரும்பி வராமல் இருந்திருந்தால் அது தவறு. ஒரே ஆள் முப்பது கட்டிலைப் பார்க்கிற வார்டில் அது நடக்கத்தான் செய்யும். சாக்காகச் சொல்லவில்லை, நடப்பது அதுதான்.

அதனால் உங்கள் பக்கம் சில விஷயம். எட்டு ஆகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருக்காதீர்கள், நாலைந்திலேயே சொல்லுங்கள், ஏறிய வலியை இறக்க மருந்து அதிகம் பிடிக்கும். டிரெஸ்ஸிங், நடைப் பயிற்சி இருந்தால் முன்கூட்டியே மருந்து கேளுங்கள். வீட்டில் வழக்கமாக எடுக்கும் வலி மாத்திரை, தூக்க மாத்திரை, குடி எதுவாக இருந்தாலும் மறைக்காதீர்கள், டோஸே அதைப் பொறுத்துத்தான். யாரும் திரும்பி வரவில்லை என்றால் பெல் அடித்து "ரொம்ப வலிக்குது" என்பதற்குப் பதிலாக, "பத்து மணிக்கு ஊசி போட்டீங்க சிஸ்டர், இப்ப பதினொண்ணு, இன்னும் எட்டுதான், இரும முடியலை" என்று சொல்லிப் பாருங்கள். டியூட்டி டாக்டரை எழுப்பும்போது அவர் எங்களிடம் கேட்கப்போவது இந்த நாலும்தான்.