சருகை ஒடித்துப் பாருங்கள்
காட்டுத்தீ: வாசகர் கேள்வி பதில்

(பதிலளிப்பவர் காட்டுத்தீக் குழுவில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: தாவரவியல் முடித்திருக்கிறேன். காட்டுத்தீயைப் பற்றி முறையாகப் படிக்க ஆசை. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: சருகிலிருந்து. கிண்டல் இல்லை அம்மா, உண்மையாகவே சொல்கிறேன். தீ எப்படிப் போகும் என்பதை எரிபொருள் (அதாவது சருகு, புல், கட்டை என எரியக்கூடியது எல்லாம்), வானிலை, நிலத்தின் அமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து முடிவு செய்கின்றன. காற்றை நம்மால் நிறுத்த முடியாது, மலைச் சரிவை மாற்ற முடியாது. நாம் கை வைக்க முடிந்தது எரிபொருளில் மட்டும்தான். தீ மேலாண்மை என்ற பெரிய பெயரில் நடப்பதில் முக்கால்வாசி வேலை அதைச் சுற்றியதே.

குச்சியின் தடிமனை எங்கள் தொழிலில் ‘மணி’ என்ற அளவில் சொல்வோம். புல், சருகு, கால் அங்குலத்துக்கும் மெலிந்த சுள்ளி எல்லாம் ‘1 மணி’. ஒரு அங்குலம் வரை ‘10 மணி’, மூன்று அங்குலம் வரை ‘100 மணி’, அதற்கு மேல் பருத்த கட்டை ‘1000 மணி’. அவ்வளவு நேரம் எரியும் என்றுதான் நானும் நினைத்தேன். பயிற்சி வகுப்பில் அதை உரக்கச் சொல்லி மாட்டிக்கொண்டேன். உண்மையில் அது எரியும் நேரமே இல்லை. காற்றின் ஈரப்பதம் மாறினால், அதற்கேற்ப அந்தக் குச்சி தன் ஈரத்தை மாற்றிக்கொள்ள எடுக்கும் காலக் கணக்கு. இது புரிந்தபிறகு எனக்குக் காடே வேறு மாதிரி தெரிந்தது. காலையில் தூறல் விழுந்து மதியம் வெயில் அடித்தால், புல் அன்று மாலைக்குள் பற்றத் தயார். பல மாத வறட்சியில் காய்ந்த கட்டைக்கோ ஒரு தூறல் உறைக்கவே உறைக்காது. மேலே நனைந்திருக்கும், உள்ளே காய்ந்தே கிடக்கும்.

ஒரு நோட்டு வாங்குங்கள். ஒரே இடத்துக்கு ஒரு மாதம் தினமும் மதியம் போய்ச் சருகை எடுத்து ஒடித்துப் பாருங்கள். படக்கென்று ஒடிகிறதா, வளைகிறதா? அன்றைய ஈரப்பதத்தையும் காற்றையும் பக்கத்திலேயே குறித்து வையுங்கள். பாடப்புத்தகத்தை அதற்குப் பிறகு திறக்கலாம்.

கேள்வி: தீ காட்டுக்கு நல்லது என்கிறார்கள் சிலர். பேரழிவு என்கின்றன செய்திகள். எதை நம்புவது?

பதில்: எந்தக் காடு, எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை, எவ்வளவு சூடு? இந்த மூன்றையும் சொல்லாமல் பேசுபவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள்.

வட அமெரிக்காவின் லாட்ஜ்போல் பைன் மரங்களில் பல, தங்கள் கூம்புகளைப் பிசினால் ஒட்டி மூடி வைத்திருக்கும். தீயின் சூட்டில் பிசின் உருகினால்தான் விதை உதிரும். 1988-இல் யெல்லோஸ்டோன் பூங்காவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தீ பரவியபோது ‘பூங்கா முடிந்தது’ என்று எழுதியவர்கள் உண்டு. அந்தச் சாம்பலில்தான் பைன் கன்றுகள் அடர்த்தியாக முளைத்தன. பாண்டரோசா பைன் வேறு ரகம். தடித்த பட்டையோடு நிற்கும் அதற்கு, சில ஆண்டுகளுக்கு ஒரு முறை தரையோடு போகும் சிறு தீ போதும். மழைக்காட்டு மரங்களுக்கோ பெரும்பாலும் பட்டை மெல்லியது. அங்கே சிறு தீகூடக் கேடுதான்.

மனிதர்கள் செய்த தவறும் இதில் இருக்கிறது. 1910 ஆகஸ்ட் 20, 21 தேதிகளில் ஐடஹோ, மொன்டானா பகுதிகளில் சுமார் 30 லட்சம் ஏக்கர் எரிந்தது. அந்த அச்சம் போகவில்லை. தகவல் வந்த மறுநாள் காலை 10 மணிக்குள் எந்தத் தீயையும் கட்டுப்படுத்திவிட வேண்டும் என்று 1935-இல் அமெரிக்க வனத்துறை விதி வகுத்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சிறு தீ வராத காட்டில் சருகு குவிந்தது, இளமரங்கள் நெருக்கியடித்து வளர்ந்தன. தரையில் போக வேண்டிய தீ அவற்றைப் பிடித்து உச்சிக்கு ஏறிவிடும். ‘ஏணி எரிபொருள்’ என்று அந்த இளமரங்களுக்குப் பெயர். 2020, 2021 ஆண்டுகளின் தீயில் மட்டும், இரண்டடி வரை பட்டை தடித்த பெரும் செக்கோயாக்களில் 13 முதல் 19 விழுக்காடு மடிந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். பல நூறு ஆண்டுகளாக எத்தனையோ தீயைத் தாங்கிய மரங்கள் அவை. வறட்சிக்கும் வெப்பத்துக்கும் இதில் பங்குண்டு. சேர்ந்துபோன எரிபொருளுக்கும் உண்டு.

கேள்வி: தீயை அணைக்கத் தீயே வைப்பது எதற்கு?

பதில்: வருகிற தீக்குத் தின்ன எதுவும் இல்லாமல் செய்வதற்கு. சருகையும் புல்லையும் அகற்றி வெட்டிய தடுப்புக் கோட்டிலிருந்து பெருந்தீயை நோக்கி எரித்துவிடுவது எதிர்த்தீ. குளிர்ந்த நாள் பார்த்து, காற்றும் ஈரமும் அளந்து, முன்கூட்டியே சருகை எரிப்பது திட்டமிட்ட எரிப்பு. இரண்டையும் குழப்பாதீர்கள்.

மூன்றாவது ஒன்றும் உண்டு, உயிர் தப்புவதற்காக வைக்கும் தீ. 1949 ஆகஸ்ட் 5, மொன்டானாவின் மான் கல்ச் பள்ளத்தாக்கு. புல் சரிவில் தீயணைப்புக் குழு ஒன்றைத் தீ கீழிருந்து துரத்துகிறது. சாய்வு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது களக்கணக்கு. மனிதக் காலோ மேட்டில் தளரும். குழுத் தலைவர் வாக்னர் டாட்ஜ் ஓட்டத்தை நிறுத்தி, முன்னால் இருந்த புல்லுக்குத் தீ வைத்தார். அது எரிந்த சாம்பலில் குப்புறப் படுத்தார். மற்றவர்களையும் அழைத்தார். யாருக்கும் புரியவில்லை, கடந்து ஓடினார்கள். 13 பேர் இறந்தார்கள். டாட்ஜ் பிழைத்தார், முகட்டை எட்டிய இருவரும் பிழைத்தார்கள். முன்பின் சொல்லித் தராத ஒன்றை அந்த நொடியில் நம்பு என்றால் யார்தான் நம்புவார்? நானும் ஓடித்தான் இருப்பேன்.

கேள்வி: விமானத்திலிருந்து தண்ணீர் ஊற்றினால் தீ அணைந்துவிடுமா?

பதில்: வேகம் குறையும். அணைப்பது தரையில் மண்வெட்டியோடு நிற்பவர்.

கேள்வி: தீ முழுக்க அணைந்ததென்று எப்படி உறுதி செய்வீர்கள்?

பதில்: கையுறையைக் கழற்றிவிட்டுப் புறங்கையால். முதலில் மண்ணுக்குச் சற்று மேலே பிடித்துப் பார்ப்போம், சூடு இல்லையென்றால்தான் தொடுவோம். அடிமரத்தின் வேர் வழியாகத் தீ மண்ணுக்குள் நாள்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும். ஒரு முறை எல்லாம் முடிந்ததென்று நான் கையெழுத்துப் போட்ட இடத்தில், ஐந்தாம் நாள் ஒரு வேர்க்குழியிலிருந்து புகை வந்தது. அந்தக் குழியை மறுபடி நானேதான் தோண்டினேன்.