மீன் கூட்ட கூட்டுறதுக்கு முந்தி, கோயில் தெரியுற மாசத்த நெனைங்க

கேள்வி: வணக்கம் சேர். நாங்க மஸ்கெலியா பக்கம் தோட்டத்து பொடியங்க அஞ்சு பேரு, மவுசாகலை டேம்ல 6 வலைக்கூடு போட்டு திலாப்பியா வளக்குறோம். 20 கூடாக்க லோன் கெடைக்கும் போல இருக்கு. ஆனா கீழ் லயத்து ஆக்களும் வலை போடுற ஆக்களும் சேந்து பெட்டிஷன் எழுதி கையெழுத்து வாங்குறாங்க. நாத்தம் அடிக்குதாம், தண்ணி பச்சையாகுதாம், குளிக்க ஏலாதாம். போன பங்குனியில ஒரே காலையில 400 மீன் செத்து மெதந்துச்சு, அதுல இருந்துதான் பிரச்சினை. மீனும் 8 மாசத்துல 200 கிராம் தாண்டல. தீன் கடைக்காரர் புரோட்டீன் கூடின தீனும் ஒரு டொனிக்கும் நாத்தத்துக்கு ஒரு மருந்தும் போட சொல்றாரு. வடக்குல கடலட்டை பண்ணைக்கு நடந்த மாதிரி ஆகிருமோன்னு பயமா இருக்கு. ஊர்க்காரங்கள எப்பிடி சமாளிக்கிறது, மீன எப்பிடி வேகமா வளக்குறது?

பதில்: தம்பி, ரெண்டு கேள்வி கேட்டிருக்கீங்க, ரெண்டுக்கும் பதில் உங்க கூட்டுக்கு அடியிலதான் கெடக்கு.

சின்னத மொதல்ல முடிச்சிருவோம். திலாப்பியா சூட்டு மீனு. 27, 30 டிகிரி தண்ணியிலதான் வயிறு முட்ட தின்னு வளரும், 22க்கு கீழ போனா வாய தொறக்கவே யோசிக்கும். நீங்க இருக்கறது கடல் மட்டத்துல இருந்து 1,100 மீட்டருக்கு மேல. அநுராதபுரத்து குளத்துல வளர்ற வேகம் உங்களுக்கு எந்த ஜென்மத்துலயும் வராது. அதுக்கு டொனிக் கெடையாது. புரோட்டீன் கூட்டுனா குளிருலயும் திங்கும்னு கடைக்காரர் சொன்னா, அவரையே ஒரு மார்கழி விடியக்காலையில டேமுல எறங்கி நிண்டு சோறு திங்க சொல்லுங்க.

இப்ப விஷயத்துக்கு வாறேன். குளிர்ல மீன் திங்காது, நீங்க தீன் மூடையில எழுதியிருக்கற கணக்குக்கு அள்ளி போடுறீங்க. மிச்சம் எங்க போகுது? நான் இத சொல்லி சொல்லி வாய் வலிச்சு போச்சு, ஆனாலும் இன்னொரு தடவ கணக்கு போட்டு காட்டுறேன். ஒரு டன் மீன் எடுக்க ஒன்றரை டன் தீன் போனா, அதுல பாஸ்பரஸ்ங்கற ஒரச்சத்து 1 வீதம்னு வச்சா 15 கிலோ தண்ணிக்குள்ள எறங்குது, மீன் ஒடம்புல ஒரு 8 கிலோ ஏறும், மிச்சம் 7 கிலோ டேமுக்கு. அதே ஒரு டன்னுக்கு நீங்க 2.2 டன் தீன் போட்டா எறங்குறது 22 கிலோ, மீன் எடுக்கறது அதே 8, டேமுக்கு 14. பாருங்க, தீன் பாதிக்கும் கொறைவாதான் கூடிச்சு, அழுக்கு ரெண்டு மடங்காச்சு. அந்த பாஸ்பரஸ்லதான் பாசி பூக்குது, கீழ் லயத்து அக்கா தண்ணி பச்சைங்கறா. மலையில இருந்து கழுவிட்டு வர்ற தேயிலை ஒரமும் லயத்து கான் தண்ணியும் இதுல பங்குதான், இல்லேங்கல, ஆனா ஒரத்துக்கு மூஞ்சி இல்ல, உங்க கூடு கண்ணுக்கு முன்னாடி மெதக்குது, பழி உங்களுக்குத்தான் வரும்.

பங்குனியில செத்த மீனும் இதே கதைதான். டேம் வத்தி பழைய மஸ்கெலியா டவுன் கோயில் வெளிய தெரியுமே, அந்த மாசத்துல உங்க கூட்டுக்கு அடியில எத்தன அடி தண்ணி இருந்துச்சுன்னு யாராவது கயிறு விட்டு பாத்தீங்களா? ஐப்பசியில தண்ணி நெறைஞ்சு கெடக்கறப்ப கரைக்கு கிட்ட, படகு செலவு இல்லாம, வசதியா கூட்ட கட்டியிருப்பீங்க. பங்குனியில வலையோட அடி சேத்துக்கு மேல ஒக்காந்திருக்கும், அத்தன மாசத்து எச்சமும் அழுகின தீனும் அங்கதான். பாசி ராத்திரியில அதுவும் மூச்சு வாங்கும், விடியறதுக்கு முந்தி தண்ணியில ஒக்சிஜன் ஆக கொறையற நேரம், அதோட ஒரு காத்து மழை வந்து அடித்தண்ணிய மேல கலக்கினா போதும். நோய்க்கு மருந்து தேடாதீங்க, இது பெரும்பாலும் மூச்சு முட்டி செத்த மீனு. நாத்தத்துக்கு மருந்துன்னு விக்கிறவன் கக்கூசுக்கு சென்ட் விக்கிறவன் மாதிரி.

வடக்க பத்தி கேட்டீங்க. கிளிநொச்சி கிராஞ்சியில 2022ல சனம் குந்தியிருந்து போராடினதுக்கு காரணம் கடலட்டை மேல வெறுப்பு இல்ல தம்பி. காலங்காலமா நடந்து போய் தொழில் பாத்த ஆழமில்லாத கடல்ல, அவங்கள கேக்காம கம்பு நட்டு வலை அடைச்சதுதான் ஆத்திரம். உங்க கூட்டு கயிறு வலை போடுற ஆக்களோட பாதையில குறுக்க போகுதா? குளிக்கற எடத்துக்கு மேல் காத்துல இருக்கா? அத பாருங்க மொதல்ல. அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல சைப்ரஸ் தீவு பக்கம் 2017 ஆகஸ்ட்ல சால்மன் கூடு ஒண்ணு நொறுங்கி ரெண்டு லட்சத்துக்கு மேல மீன் கடலுக்கு ஓடிச்சு. கம்பெனி கிரகணத்து அலை மேல பழிய போட்டுச்சு, விசாரிச்சு பாத்தா வலைய கழுவாம சிப்பி ஏறி பாரம் தாங்கல. அடுத்த வருஷமே வெளிநாட்டு இன மீனுக்கு கூடு போடறத படிப்படியா நிப்பாட்ட சட்டம் வந்துச்சு. ஆர்ஜென்டினாவுல தியெரா தெல் ஃபுவேகோ மாகாணம் இன்னும் மேல, 2021ல சால்மன் பண்ணை ஆரம்பிக்க முந்தியே தடை போட்டாங்க, பக்கத்துல சிலி பட்ட பாட்ட பாத்துட்டு. வந்த பெறகு பேசிக்கலாம்ங்கறது அங்கயே வேகல.

பிரதேச செயலகத்துல கடுதாசி எடுத்துட்டா வாய அடைச்சிரலாம்னு யாராவது சொல்லுவாங்க, கேக்காதீங்க. நக்டா, அதான் மீன் வளர்ப்ப பாக்குற அரசாங்க சபை, அவங்க லைசன்சும் டேம பாக்குற மின்சாரக்காரங்க அனுமதியும் கட்டாயம் வேணும், அது வேற, ஆனா அந்த பேப்பர் வச்சு பெரியம்மா வீட்டு ஆக்களோட சண்டைக்கு போகக்கூடாது. அந்த தண்ணி கரண்ட குடுத்துட்டு களனியில சேந்து கொழும்பு வரைக்கும் குடிக்க போகுது, பெட்டிஷன் பெருசானா மேல இருக்கறவங்க யார் பக்கம் நிப்பாங்கன்னு யோசிங்க. டவுன்ல சில பேர் உசுர கொல்றதுன்னே எதிர்ப்பாங்க, அவங்களோட வாதாட போகாதீங்க, 1990ல இருந்து 94 வரைக்கும் உள்நாட்டு மீன் வளர்ப்புக்கு அரசாங்கமே கைய விட்ட நாடு இது.

20 கூடு இப்ப வேணாம். இருக்கற ஆறையும் ஆழத்துக்கு இழுங்க, கோயில் தெரியுற மாசத்துலயும் வலைக்கு அடியில ஆள் ரெண்டு மட்டத்துக்காவது தண்ணி நிக்கணும். வலைய வாராவாரம் கழுவுங்க. தீன் காலையில பத்து மணிக்கு பெறகு, வெயில் ஏறினதும், கையால, கொஞ்சம் கொஞ்சமா, மீன் மேல வர்றத நிப்பாட்டினா நீங்களும் நிப்பாட்டுங்க, மூடையில என்ன எழுதியிருந்தாலும் சரி. மழை மூட்டமான நாள்ல பட்டினி போட்டா ஒரு மீனும் சாகாது. தீன கடனுக்கு எடுக்காதீங்க, நானும் ஒரு காலத்துல மலிவுன்னு 40 மூடை கடனுக்கு எடுத்து ஆடி மழையில பூஞ்சணம் பிடிச்சத, கடன் இருக்கேன்னு கொட்டி கொட்டி தீத்தவன்தான், அந்த வருஷம் எனக்கு மீனும் இல்ல மானமும் இல்ல. தீன் கடைக்காரனுக்கு உங்க மூடை தண்ணியில போனா போதும், மீன் வயித்துல போகணும்னு கவலை இல்ல.

பழைய வெள்ளை தட்டு ஒண்ணுல கல்லு கட்டி, கயித்துல அடி அடியா முடிச்சு போட்டு, ஞாயித்துக்கிழமை மத்தியானம் கூட்டுக்கு பக்கத்துல ஒரு தரம், டேமுக்கு நடுவுல ஒரு தரம் எறக்குங்க. தட்டு எத்தனையாவது முடிச்சுல மறையுதுன்னு எழுதி கோயில் போர்ட்லயே ஒட்டுங்க. கையெழுத்து வாங்குற ஆக்கள்ல ஒருத்தர படகுல கூட்டிட்டு போய் அவர் கையாலயே எறக்க விடுங்க. கூட்டு பக்கம் மட்டும் தட்டு சீக்கிரம் மறைஞ்சா அவங்க சொல்றது சரி, நீங்க மூணு கூடா கொறைக்கணும்.

மூணு மாசத்து கணக்கு சேந்ததும் அனுப்புங்க, அப்பறம் லோன பத்தி பேசுவோம். டொனிக் போத்தல ஒடைக்காம இருந்தா திருப்பி குடுத்து காச கேளுங்க, தர மாட்டான், ஆனாலும் கேளுங்க.