காலையில் விரல் மடங்கவில்லை: எந்த டாக்டரிடம் போவது?

கேள்வி: எனக்கு வயது 41. பட்டுக்கோட்டை பக்கத்தில் ஒரு கிராமத்தில், வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். ஐந்து மாதமாக இரண்டு கை விரல் மூட்டுகளிலும் மணிக்கட்டிலும் வலி. காலையில் கத்தரிக்கோலைப் பிடிக்கவே முடியவில்லை. எட்டு, எட்டரை மணிக்கு மேல்தான் விரல் மடங்குகிறது. உள்ளூர் டாக்டர் கொடுக்கும் மாத்திரையைப் போட்டால் தேவலையாக இருக்கிறது, நிறுத்தினால் பழையபடி ஆகிவிடுகிறது. ரத்தப் பரிசோதனையில் ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ், யூரிக் அமிலம் 4.8. 'வாதம் எதுவும் இல்லை' என்று சொல்லிவிட்டார்கள். மாமியார் வாயு என்கிறார். நான் எலும்பு டாக்டரைப் பார்க்கணுமா, வேறு யாரையாவதா?

பதில்: ருமட்டாலஜிஸ்ட் என்று சொல்லப்படும் மூட்டுவாத நிபுணரைப் பாருங்கள். இந்த மாதத்துக்குள்ளேயே பாருங்கள்.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்றால், உங்கள் கடிதத்தில் ஒரு வரி அப்படி: 'எட்டரை மணிக்கு மேல்தான் விரல் மடங்குகிறது.' வீட்டில் அடுப்பு பற்றவைப்பவர் ஆறு மணிக்காவது எழுந்திருப்பீர்கள். அப்படியானால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு இருக்கிறது. வயதாகி மூட்டு தேய்ந்தவர்களுக்கும் காலையில் பிடிப்பு வரும். ஆனால் நாலு எட்டு நடந்தால், கையை உதறினால், பொதுவாக அரை மணிக்குள் விட்டுவிடும். பிறகு வேலை செய்யச் செய்யத்தான் அவர்களுக்கு வலி கூடும். உங்களுக்கு நேர்மாறாக இருக்கிறது. ஓய்வெடுத்த இரவுக்குப் பிறகு மோசம், வேலையில் இறங்கினால் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது. மூட்டுக்குள் இருக்கும் சவ்வு அழற்சியால் வீங்கியிருப்பதன் அடையாளம் இது. அதிலும் இரண்டு கையிலும் ஒரே மாதிரி, சின்ன மூட்டுகளில், ஆறு வாரத்தையும் தாண்டி நீடித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது முடக்குவாதம். பெயர் பயமுறுத்தும். நேரத்தோடு மருந்து தொடங்கியவர்களில் பெரும்பாலானோர் முடங்குவதில்லை.

வீட்டிலேயே ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். முஷ்டி மடக்கினால் மேடாக எழும் நான்கு கணுக்களையும் இரண்டு பக்கமும் சேர்த்து, கைகுலுக்குவதுபோல ஒருவரை மெதுவாக அழுத்தச் சொல்லுங்கள். 'ஐயோ' என்று கையை இழுத்துக்கொண்டால் அது முக்கியமான தகவல். கால் விரல்களின் அடிப்பகுதியிலும் அதே மாதிரி அழுத்திப் பாருங்கள். என்னிடம் வரும் பெண்களிடம் நான் கேட்கும் இன்னொரு கேள்வி: மெட்டி இறுக்குகிறதா? கையில் வலி என்று வந்த ஒருவர், 'மெட்டியைப் போன மாசமே கழட்டிட்டேன் டாக்டர், ஏறவே மாட்டேங்குது' என்றார். கால் விரல் வீங்கியது அவருக்கே தோன்றியிருக்கவில்லை. மோதிரம், வளையல், மெட்டி மூன்றும் வீட்டில் இருக்கும் நல்ல அளவுகோல்கள்.

சரி, ரிப்போர்ட்தான் நெகட்டிவ் ஆயிற்றே என்பீர்கள். முடக்குவாதத்துக்காக எடுக்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் பரிசோதனையை மட்டும் வைத்து நோய் இல்லை என்று முடிவுகட்டுவதுதான் இந்த விஷயத்தில் நான் அடிக்கடி பார்த்து வருந்தும் தவறு. முடக்குவாதம் உள்ளவர்களில் நூற்றுக்கு 20 முதல் 30 பேருக்கு அது நெகட்டிவாகவே இருக்கும். எதிர்ப்பக்கமும் உண்டு. நாள்பட்ட தொற்று உள்ளவர்கள், வயதானவர்கள் சிலருக்கு மூட்டில் ஒன்றுமே இல்லாமல் பாசிட்டிவ் வரும். ஆன்டி சி.சி.பி. என்ற பரிசோதனை இதைவிட நம்பகமானது. அது பாசிட்டிவ் என்றால் முடக்குவாதமாக இருக்கும் வாய்ப்பு மிக அதிகம். ஆனால் அதுவும் நெகட்டிவாக வந்து நோய் இருப்பது உண்டு. ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனைகள் இரண்டும் உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும், காரணத்தைச் சொல்லாது. எக்ஸ்ரேயும் ஆரம்ப மாதங்களில் சுத்தமாக இருக்கலாம். கடைசியில் தீர்ப்புச் சொல்வது, மூட்டை ஒவ்வொன்றாகத் தொட்டு அழுத்திப் பார்க்கும் கைதான். அதற்குத்தான் நிபுணர் வேண்டும்.

யூரிக் அமிலம் 4.8 என்பதில் கவலைப்பட ஒன்றுமில்லை. யூரிக் அமிலம் கூடி மூட்டில் படிவதால் வரும் கவுட், பெரும்பாலும் ஆண்களுக்கு, கால் பெருவிரலில், ஒரே ராத்திரியில் நெருப்பாக வருவது. உங்கள் கதை அது இல்லை.

ஆர்த்தோ டாக்டரிடம் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எலும்பு முறிவு, ஜவ்வு கிழிதல், தேய்ந்துபோன முழங்காலுக்கு மாற்று அறுவைச் சிகிச்சை, இவையெல்லாம் அவர்கள் துறை. உங்களுக்கு இருப்பதாகத் தோன்றுவது உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டையே தாக்கும் நோய். அதற்குக் கத்தி தேவையில்லை, மருந்துதான். அதை வருஷக்கணக்கில் அளவு பார்த்துக் கொடுத்து, ரத்தத்தைக் கண்காணிப்பது ருமட்டாலஜிஸ்டின் வேலை.

எங்கே போவது? சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் ஆகியவற்றில் இதற்குத் தனித்துறை இருக்கிறது. ஜிப்மரில் பலகையைப் பார்த்துத் தேடும்போது 'கிளினிக்கல் இம்யூனாலஜி' என்று தேடுங்கள். ருமட்டாலஜி என்று தேடி அலைகிறவர்கள் உண்டு. அவ்வளவு தூரம் உடனே போக முடியாது என்றால், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவில் காட்டி, 'காலை விறைப்பு இரண்டு மணி நேரம் இருக்கிறது, ஐந்து மாதமாகிறது' என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். வெறுமனே 'கை வலி' என்று சொன்னால் கூட்டத்தில் வலி மாத்திரையோடு திரும்ப நேரிடலாம்.

போகும்போது ரிப்போர்ட்டுகளோடு இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துப்போங்கள், காலியானதாக இருந்தாலும் சரி. காலை ஆறு மணிக்கு வீங்கியிருக்கும் கையைச் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். நீங்கள் டாக்டர் முன்னால் உட்காரும் பன்னிரண்டு மணிக்கு வீக்கம் வடிந்திருக்கலாம். வலி தொடங்குவதற்கு முன்னால் காய்ச்சல் வந்ததா என்பதை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். சிக்குன்குனியாவுக்குப் பிறகு மூட்டு வலி மாதக்கணக்கில் நிற்கும். 2006-ல் அது தமிழ்நாட்டில் பரவியபோது ஊர் ஊராக மக்கள் குனிந்து நடந்தது பலருக்கு நினைவிருக்கும். தோலில் செதில், கண் சிவப்பு, அடிக்கடி வாய்ப்புண், முடி கொட்டுதல், கரு கலைதல், இவற்றில் எது இருந்தாலும் மூட்டுக்குச் சம்பந்தமில்லை என்று விட்டுவிடாமல் சொல்லுங்கள். சொரியாசிஸ், லூபஸ் போன்ற நோய்களும் மூட்டு வலியாகத் தலைகாட்டும்.

ஒரு விஷயத்தைக் கூச்சப்படாமல் சொல்லியே ஆக வேண்டும்: யாரிடமாவது பெயரில்லாத பொடியோ பொட்டல மாத்திரையோ வாங்கிச் சாப்பிட்டிருந்தால். சாப்பிட்ட மறுநாளே வலி மாயமாகப் போய், பசி கூடி, முகம் உப்பினால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்புண்டு. வாரக்கணக்கில் சாப்பிட்டதைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. டாக்டரிடம் காட்டிப் படிப்படியாகக் குறையுங்கள்.

முடக்குவாதம்தான் என்று உறுதியானால், பெரும்பாலும் முதலில் எழுதப்படுவது மெத்தோட்ரெக்சேட். இணையத்தில் தேடினால் 'புற்றுநோய் மருந்து' என்று வரும், பயந்து நிறுத்திவிடாதீர்கள். புற்றுநோய்க்குக் கொடுக்கும் அளவு வேறு, இங்கே கொடுப்பது வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம்தான். நீங்கள் பயப்பட வேண்டியது ஒன்றே ஒன்றுக்கு: அது வாரத்தில் ஒரு நாள் மட்டும் சாப்பிடும் மருந்து. தினமும் சாப்பிட்டவர்கள் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே போராடியிருக்கிறார்கள். நான் சீட்டில் 'ஞாயிறு மட்டும்' என்று தமிழில் முழுசாக எழுதிக் கொடுப்பேன். உங்கள் டாக்டர் எழுதவில்லை என்றால் கேட்டு எழுதி வாங்குங்கள், மருந்துக்கடையிலும் ஒருமுறை கேளுங்கள். கூடவே ஃபோலிக் அமிலம் இருக்கும். ரத்த அணுக்கள், கல்லீரல் பரிசோதனையைச் சொன்ன தேதியில் எடுக்க வேண்டும். கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். இரண்டு வாரத்தில் 'கேட்கவில்லை' என்று கைவிடுகிறவர்கள் உண்டு.

மாமியாரிடம் சண்டை வேண்டாம். உருளைக்கிழங்கையும் பருப்பையும் ஒதுக்கினால் இந்த நோய் போகாது, சாப்பிட்டால் வருவதும் இல்லை. அவர் காய்ச்சித் தரும் தைலத்தை வலிக்கு இதமாகத் தடவிக்கொள்ளலாம், அதில் கெடுதல் இல்லை.

டாக்டரைப் பார்க்கும் வரை, காலையில் எழுந்ததும் பொறுக்கும் சூட்டு வெந்நீரில் பத்து நிமிஷம் கையை வைத்து, தண்ணீருக்குள்ளேயே விரலை மடக்கி நீட்டுங்கள். வெட்டும் வேலையை மதியத்துக்குத் தள்ளிவையுங்கள். கத்தரிக்கோல் பிடியில் பழைய துணியைச் சுற்றித் தடிமனாக்கினால் கணுவில் அழுத்தம் குறையும். வலி தாங்கவில்லை என்றால், கல்லீரல் கோளாறு இல்லாத பட்சத்தில் பாராசிட்டமால் 650 ஒரு நாளைக்கு மூன்று வரை போடலாம். டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைகளை நீங்களாகவே வாங்கி மாதக்கணக்கில் போடாதீர்கள், வயிற்றுப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் அதில்தான் வருகின்றன. இதற்கு நடுவில் ஏதாவது ஒரு மூட்டு மட்டும் திடீரென்று சிவந்து, கொதித்து, குளிர் காய்ச்சலும் வந்தால் அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். அது சீழ் பிடிக்கும் தொற்றாக இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.