காட்ஸில்லாவின் உயரம் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

உங்களைத் தொடர்ந்து வாசிப்பவன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் முறை, அதுவும் காட்ஸில்லாவைப் பற்றி. சிரிக்காதீர்கள். 'காட்ஸில்லா மைனஸ் ஒன்' படத்தை நெட்ஃபிளிக்ஸில் பார்த்து நள்ளிரவில் தனியாக உட்கார்ந்து அழுதவன் நான். அடுத்த பாகத்தின் தலைப்பு 'மைனஸ் ஜீரோ' என்று 2025 நவம்பரில் அறிவித்ததிலிருந்து நண்பர்கள் எட்டுப் பேர் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்து இரவு இரண்டு மணிவரை விவாதிக்கிறோம். முந்தைய படத்தின் கடைசியில் கதாநாயகி நொரிகோவின் கழுத்தில் ஏறுகிறதே ஒரு கறுப்புக் கறை, அது என்ன? ஜீரோ என்றால் கதை முன்னே போகிறதா, பின்னே போகிறதா? இந்த முறை காட்ஸில்லாவின் உயரம் கூடுமா? என் கணக்குப்படி குறைந்தது 80 மீட்டராவது இருக்க வேண்டும், இல்லையென்றால் அமெரிக்கக் காட்ஸில்லாவுக்கு முன்னால் எடுபடாது. "ரெண்டு பிள்ளைக்கு அப்பா, ஒரு பல்லிக்காகத் தூங்காம உக்காந்திருக்கீங்க" என்கிறாள் என் மனைவி. எனக்கு வயது 36. இப்படி ஏங்குவது சிறுபிள்ளைத்தனமா?

க.

அன்புள்ள தம்பி,

சிரிக்காதீர்கள் என்று நீங்கள் எழுதியும் சிரித்துவிட்டேன். உங்களைப் பார்த்து அல்ல, உங்கள் மனைவி சொன்னதைக் கேட்டு. அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். சிறுபிள்ளைத்தனமா என்றால், ஆமாம், சிறுபிள்ளைத்தனம்தான், இருந்துவிட்டுப் போகட்டுமே. முப்பத்தாறு வயதில் இரவு இரண்டு மணிக்கு எட்டு ஆண்கள் விழித்திருந்து பேச வீட்டுக்கடனும் பங்காளிச் சண்டையும் தவிர வேறொரு விஷயம் இருக்கிறதென்றால் அதை நான் ஏன் கெடுக்க வேண்டும்?

கழுத்துக் கறை யமாஸாகிக்குத் தெரியும். எழுதியதும் இயக்கியதும் அவர்தான், அவர் சொல்லும்போது நமக்கும் தெரியும். ஜீரோவும் அப்படியே. இரண்டாம் உலகப் போரில் எல்லாவற்றையும் இழந்து பூஜ்யத்தில் நின்ற ஜப்பானை அதற்கும் கீழே ஒரு படி தள்ளுவது என்ற பொருளில்தான் 'மைனஸ் ஒன்' என்று பெயர் வைத்தார்கள். அங்கிருந்து பூஜ்யத்துக்கு வருவது ஏற்றமா, வேறு ஏதாவதா என்று உங்கள் குழு இன்னும் ஒரு மாதம் பேசலாம். பேசுங்கள்.

ஆனால் அந்த 80 மீட்டர் இருக்கிறதே, அதை என்னால் விட முடியாது.

குறைந்தது 80 மீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள், என்னவோ மாடி கட்டப் பஞ்சாயத்து அனுமதி கேட்பதுபோல. காட்ஸில்லாவுக்கு ஐம்பது மீட்டர் என்ற உயரம் எங்கிருந்து வந்தது என்று உங்கள் எட்டுப் பேரில் ஒருவராவது கேட்டதுண்டா? 1954இல் தோஹோ ஸ்டுடியோவில் எய்ஜி சுபுராயா முதல் காட்ஸில்லா படத்தின் தந்திரக் காட்சிகளுக்குப் பொறுப்பேற்றபோது அவர் மனதில் இருந்தது 1933இல் வந்த 'கிங் காங்'. அதில் செய்ததுபோல பொம்மையை இம்மி இம்மியாக அசைத்து ஒவ்வொரு ஃபிரேமாக எடுக்கத்தான் ஆசைப்பட்டார். அப்படி எடுத்தால் ஏழு வருஷம் ஆகும் என்று கணக்குச் சொன்னாராம். கையில் இருந்ததோ சில மாதங்கள். அதனால் ஒரு மனிதனை ரப்பர் உடுப்புக்குள் விட்டார்கள். உடுப்போடு சேர்த்து அவர் சுமார் இரண்டு மீட்டர் உயரம். அவரைச் சுற்றி டோக்கியோவை 25இல் ஒரு பங்கு அளவில் மரத்திலும் சாந்திலும் கட்டினார்கள். இரண்டை இருபத்தைந்தால் பெருக்குங்கள், ஐம்பது. அவ்வளவுதான் தம்பி விஷயம், அது ஒரு தச்சுப் பட்டறைக் கணக்கு.

ஊரும் அதற்கு இடம் கொடுத்தது. அன்றைய டோக்கியோவில் கட்டடங்களுக்கு 31 மீட்டர் உச்சவரம்பு இருந்தது, ஆகவே ஐம்பது மீட்டர் மிருகம் எந்தத் தெருவில் நின்றாலும் கூரைகளுக்கு மேலே தலை தெரியும். ஒரே ஒரு சிக்கல் நாடாளுமன்றக் கட்டடம். அதன் நடுக்கோபுரம் 65 மீட்டர். காட்ஸில்லா அதன் முன்னால் போய் நின்றால் தலைமை ஆசிரியர் முன் நிற்கும் பையனைப்போல அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும். என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த ஒரு கட்டடத்தை மட்டும் 33இல் ஒரு பங்காகச் செய்தார்கள். 65ஐ 33ஆல் வகுத்துப் பாருங்கள், இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, உடுப்புக்குச் சரியாக இருக்கிறது. அதாவது முதல் படமே தன் அளவுகோலில் கூசாமல் பொய் சொல்லியிருக்கிறது. எழுபது வருஷம் கழித்து நீங்கள் அதற்கு ஸ்கேல் வைத்து அளக்கிறீர்கள்.

அப்புறம் டோக்கியோ வளர்ந்தது, காட்ஸில்லாவும் வளர்ந்தது. 1984இல் 80, 1991இல் 100. அமெரிக்கர்கள் 2014இல் 108 என்றார்கள். இரண்டு வருஷம் கழித்து ஜப்பானியர்கள் 118.5 என்றார்கள், அந்த அரை மீட்டரை யார் அளந்தார்கள் என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். ஓர் அனிமேஷன் படத்தில் 300 மீட்டர்வரை போனது. முந்நூறு! அதைப் பார்த்து நீங்கள் அழுதீர்களா? இல்லை. உங்களை அழவைத்த 'மைனஸ் ஒன்'னில் அது மறுபடி ஐம்பதுக்குத்தான் வந்தது, சரியாகச் சொன்னால் 50.1. முப்பத்தைந்து பேர் உட்கார்ந்து 610 தந்திரக் காட்சித்துண்டுகள் செய்தார்கள், செலவு முழுவதும் சேர்ந்தே ஒன்றரைக் கோடி டாலரைத் தொடவில்லை, 2024இல் காட்சித் தந்திரத்துக்கான ஆஸ்கரை வாங்கிக்கொண்டு போனார்கள். உங்கள் கணக்குப்படி அது எடுபட்டிருக்கவே கூடாது.

திரையில் பெரிது என்பது மீட்டரில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. உடுப்புக்குள் இருந்த ஹருவோ நகாஜிமா நடக்கும்போது கேமராவை வேகமாக ஓட்டி எடுத்துவிட்டு, திரையில் சாதாரண வேகத்தில் போட்டார்கள். அவர் மோதிய சுவர் மெதுவாகச் சரிந்தது. மெதுவாக விழுவதை நம் கண் பெரியது என்று எடுத்துக்கொள்ளும், பனைமரம் சாய்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதலில் செய்த உடுப்பு ஏறக்குறைய 100 கிலோ, அதைப் போட்டுக்கொண்டு நடப்பதே பெரும்பாடு, பிறகுதான் எடை குறைந்த ஒன்றைச் செய்தார்கள். நகாஜிமா உயேனோ மிருகக்காட்சிசாலைக்குப் போய் யானையும் கரடியும் எப்படிக் கால் வைக்கின்றன என்று பார்த்துப் பயின்றார். அதில் தொடங்கி 1972வரை பன்னிரண்டு படங்களில் அவர்தான் காட்ஸில்லா. அந்தக் கர்ஜனை தெரியுமா? இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தின் தந்திகளைத் தளர்த்தி, பிசின் தடவிய தோல் கையுறையால் தேய்த்து எடுத்தது. இதையெல்லாம் பேச உங்கள் குழுவில் யாருக்கும் தோன்றவில்லையா? எட்டுப் பேர் இருக்கிறீர்களே.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு என்மீதுதான் கோபம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோவையில் ஒரு திரைப்படச் சங்கம் அந்த 1954 படத்தைப் போட்டது. 'கொஜிரா' என்ற ஜப்பானிய அசல் இல்லை, அமெரிக்கர்கள் 1956இல் நடுநடுவே ரேமண்ட் பர் என்ற நடிகரைப் பத்திரிகையாளராகச் சொருகி, வேண்டாததை வெட்டி எடுத்த பிரதி. நாற்பது நாற்காலி போட்ட அறை, மின்விசிறிச் சத்தம். பொம்மை ரயிலைக் காட்ஸில்லா வாயில் கவ்வியபோது அறையே சிரித்தது. முதலில் சிரித்தது நான். பக்கத்தில் இருந்த ஒருவரிடம், "நம்ம ஊர் பொருட்காட்சியிலகூட இதைவிட நல்லா செய்வாங்க" என்றேன். அவர் கைகுலுக்கினார். வெளியே வந்து டீ குடிக்கும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது எனக்குக் கிட்டத்தட்ட உங்கள் வயது.

பதினைந்து வருஷம் கழித்துத்தான் அசல் படம் டிவிடியில் கிடைத்தது. அதில் ரயிலில் போகும் ஒரு பெண் அலுத்துக்கொள்கிறாள்: கதிர்வீச்சு மீன், அணுத்தூசி, இப்போது இது வேறா, நாகசாகியில் தப்பிப் பிழைத்து வந்தவள் நான் என்று. காய்கறி விலை ஏறியதைப் பற்றிப் பேசுகிற குரலில் சொல்கிறாள். அமெரிக்கப் பிரதியில் இந்தப் பேச்சே கிடையாது. நான் சிரித்த படத்தில் அதை வெட்டியிருந்தார்கள். ஆனால் வெட்டாமல் இருந்திருந்தாலும் அன்று சிரித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன், அந்த மனநிலை அப்படி.

அதில் வரும் கதிர்வீச்சு மீன் யாரோ வசனகர்த்தா கற்பனை செய்தது இல்லை. 1954 மார்ச் 1ஆம் தேதி பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு ஒன்றை வெடித்தது, 15 மெகாடன், ஹிரோஷிமாவைப்போல ஆயிரம் மடங்கு. அங்கிருந்து சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்தது யாய்ஸு துறைமுகத்துப் படகு டாய்கோ ஃபுகுர்யு மாரு, ஐந்தாம் அதிர்ஷ்ட டிராகன் என்று பொருள். விடியலுக்கு முன்னால் மேற்கே வெளிச்சம் எழுந்தது. சில மணி நேரத்தில் வெள்ளைச் சாம்பல் பெய்தது, அவர்கள் அதற்குள் நின்று தூண்டில் கயிறுகளை இழுத்தார்கள். 23 பேர். இரண்டு வாரத்தில் கரைக்கு வந்தபோது தோல் கறுத்து முடி உதிரத் தொடங்கியிருந்தது. ரேடியோக்காரர் ஐகிச்சி குபோயாமா செப்டம்பர் 23ஆம் தேதி இறந்தார், வயது நாற்பது. நவம்பர் 3ஆம் தேதி 'கொஜிரா' வெளியானது. இடையில் 41 நாள்.

படத்தின் முதல் காட்சியை மறுபடி பாருங்கள். ஒரு கப்பலின் மேல்தளத்தில் இளைஞர்கள் கிட்டார் வாசித்துக்கொண்டு ஓய்வாக இருக்கிறார்கள். கடலில் வெளிச்சம். உள்ளே ரேடியோக்காரர் அபாயச் செய்தி அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் வந்துவிடுகிறது. அரங்கில் இருந்தவர்களுக்கு அந்த வெளிச்சம் என்ன, அந்த ரேடியோக்காரர் யார் என்று யாரும் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை, செய்தித்தாளில் படித்துவிட்டு வந்தவர்கள் அவர்கள்.

சில வருஷத்துக்கு முன்னால் டோக்கியோ போனபோது அந்தப் படகைப் பார்க்கப் போனேன். ஷின்கிபா ஸ்டேஷனில் இறங்கி நடக்க வேண்டும், யுமெனோஷிமா என்ற இடம், கனவுத் தீவு என்று அர்த்தம். பேரைப் பார்த்து ஏமாறாதீர்கள், டோக்கியோவின் குப்பையைக் கொட்டிக் கடலைத் தூர்த்த தீவு அது. டாய்கோ ஃபுகுர்யு மாருவைப் பெயர் மாற்றி மீன்வளக் கல்லூரிக்குப் பயிற்சிப் படகாகப் பயன்படுத்தினார்கள், 1967இல் உடைக்க விற்று, எஞ்சினைக் கழற்றிக்கொண்டு உடலை இந்தக் குப்பைத் தீவின் ஓரத்தில் போட்டுவிட்டார்கள். யாரோ அடையாளம் கண்டு, மக்கள் சேர்ந்து குரல் எழுப்பி, 1976இல் அதைச் சுற்றி ஒரு கூடம் கட்டினார்கள். நான் போன அன்று பள்ளிப் பிள்ளைகள் ஒரு வரிசை வந்து போனது, அப்புறம் நானும் காவலாளியும் மட்டும். உள்ளே ஒரு கண்ணாடிப் புட்டியில் அந்தச் சாம்பல் கொஞ்சம் இருக்கிறது, கோலமாவு மாதிரி. அதைப் பார்த்தபோது எனக்கு நினைவு வந்தது கோவையில் அந்த அறையும் என் சிரிப்பும்தான். வெகுநேரம் அங்கேயே நின்றேன். காவலாளி என்ன நினைத்தாரோ, ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

மரப் படகு. நீளம் சுமார் 30 மீட்டர். உங்கள் கணக்கில் எதற்குமே எடுபடாது.

சரி, எங்கேயோ ஆரம்பித்து எங்கேயோ போய்விட்டேன். படம் வரட்டும், நம் ஊர்த் திரையரங்கில் போட்டால் முதல் நாளே பாருங்கள், அதற்குள் வரும் முன்னோட்டங்களை ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்தி வால் நீளம் அளக்காதீர்கள். மனைவியையும் கூட்டிப்போங்கள், வருவார் என்றுதான் நினைக்கிறேன். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். மீட்டர் கணக்கு வேண்டாம். நொரிகோவின் கழுத்தில் இருப்பது என்னவென்று மட்டும் இரண்டு வரி போடுங்கள், நானும் அந்த இடத்தை நான்கு தடவை நிறுத்திப் பார்த்துவிட்டேன், ஒன்றும் பிடிபடவில்லை.

அன்புடன்